யாரைக் கேட்டு

"யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள்?" என்றார்
பேட்டி எடுக்க வந்தவர்.
எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.
உருக்காலை வேலையை விட்ட அன்று
அவரும் இப்படித்தான் தொடங்கினார்:
"யாரைக் கேட்டு?"

அலாய்சியஸ் நாலு வெள்ளைக்காரப் பெயர்கள் சொன்னான்.
தஸ்தகீர் டிரம்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டு
"எல்லாரையும்தான்" என்றான்.
நான் பேஸ் கிடார்.
என்னை யாரும் கேட்பதில்லை,
இரண்டு அர்த்தத்திலும்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
ஆடி மாதம்.
குகைக் கோயில் குழாயில் ஒரு பாட்டு,
செவ்வாய்ப்பேட்டைக் கோயில் குழாயில் வேறொரு பாட்டு.
அது நாலு கட்டை, இது நாலரை.
இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
எங்கள் வீட்டுக் குளியலறை.
தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே
இரண்டுக்கும் பொதுவாய் ஒரு சுரம் தேடுவேன்.
சில நாள் கிடைக்கும்.
பல நாள் சோப்பு கண்ணில் போகும்.
என் பாடத்திட்டம் அவ்வளவுதான், ஐயா.

'கொண்டை ஊசி' என்று பெயர் வைத்தது மரகதவல்லி.
முதல் தட்டில் ஆறு பாட்டு, ஆறும் அவள் குரல்.
ஐந்து ரோட்டில் ஒரு செருப்புக்கடை மாடியில் பதிவு.
விற்றது நூற்றுப்பதினேழு.
அதில் நாற்பது தஸ்தகீரின் மாமா வாங்கியது,
பாட்டுக்காக இல்லை,
எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம்.
பிறகு ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி வரவேற்புகள்.
சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை பழைய சினிமாப் பாட்டு;
நாற்காலி அடுக்கும்போது
எங்கள் பாட்டு.

போன கார்த்திகையில் அவள் சென்னை போனாள்,
சினிமாவில் கோரஸ் பாட.
ஜங்ஷனில் வழியனுப்பினோம்.
ஏற்காடு எக்ஸ்பிரஸ்.
ஏற்காட்டுப் பக்கமே போகாத வண்டிக்கு
யார் அந்தப் பெயர் வைத்தார்களோ.
அவள் அதில் கிழக்கே போனாள்.
நாங்கள் மேலே போனோம்,
நாகலூரில் அலாய்சியஸின் சித்தப்பா தோட்டத்துக்கு.

காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகை, பருவம் இல்லாததால் சும்மா கிடந்தது.
புளித்த தோல் வாசம் மட்டும்
சுவரை விட்டுப் போகவில்லை.
தகரக் கூரையில் மழை.
நிற்கட்டும் என்று முதல் நாள் காத்திருந்தோம்.
இரண்டாம் நாள் திட்டினோம்.
மூன்றாம் நாள் அதற்கும் ஒரு மைக் வைத்தோம்.

பாட ஆளில்லை.
அவள் விட்டுப்போன நோட்டில்
அரைப் பாட்டு ஒன்று இருந்தது.
மீதியை நான் எழுதி, நானே பாடினேன்.
அலாய்சியஸ் கிடாரை இறக்கி வைத்தான்.
"சுருதி சேரலடா. அரைக் கட்டை மேல நிக்குற."
"நிக்கட்டும்."
"கேக்கறவன் என்ன நினைப்பான்?"
"குளிச்சிட்டு இருக்கோம்னு நினைப்பான்."
அவனுக்குப் புரியவில்லை.
ஒன்றரை நாள் பேச்சில்லை.
தஸ்தகீர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும்
முட்டை அவிப்பதுமாக இருந்தான்.
ஏழாவது டேக்கில் மழை திடீரென்று நின்றது.
பாட்டு நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பேட்டி அச்சில் வந்தபோது
ஒரே வரிதான்:
"பலரின் தாக்கம் கொண்ட சேலத்து இளைஞர்கள்."
எனக்கு முப்பத்தெட்டு வயது.

கடைசி நாள் இரவு மலை இறங்கினோம்.
இருபதில் தொடங்கி வளைவுகள் குறைந்துகொண்டே வந்தன.
கீழே சேலம்,
யாரோ வெள்ளிப்பட்டறைத் தூளைக்
கூட்டி ஒதுக்கியது மாதிரி.
பதினொன்றாம் வளைவில் சிக்னல் கிடைத்தது.
காலையில் அனுப்பிய பாட்டுக்கு
மரகதவல்லியின் பதில்:

"என் பாட்டை யாரைக் கேட்டுப் பாடின?"

கோபமா, கிண்டலா.
அவள் எழுத்தில் எப்போதும் தெரியாது.
"உன்னைக் கேட்டுத்தான்" என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள் பத்தாம் வளைவு.
சிக்னல் போச்சு.
செய்திக்குப் பக்கத்தில் குட்டிக் கடிகாரம்
சுற்றாமல் நின்றது.

"நிறுத்துடா, குமட்டுது" என்றான் தஸ்தகீர்.
அலாய்சியஸ் வண்டியை ஓரங்கட்டினான்.
நானும் இறங்கினேன்,
போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி.